வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியுமா?

16 ஆண்டுப் பணி அனுபவமும், ஏறத்தாழ 300 பேர் வேலை செய்யும் ஒரு உற்பத்திப் பிரிவின் பொறுப்பும் இருந்த நிலையில்தான் வேலையை விடாமலே படிக்கும் மேலாண்மைப் பட்டமான எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ படிக்கலாமா என்ற யோசனை எனக்கு வந்தது. உள்ளதைச் சொன்னால், அது படிப்பின் மீதிருந்த ஆசையால் வந்ததல்ல. என்னைவிட வயதில் இளையவர் ஒருவர் எனக்கு மேலான பதவியில் அமர்ந்த வாரத்தில் வந்தது. அந்த ஆதங்கத்தில் மூன்று கல்வி நிறுவனங்களின் கையேடுகளை ஒரே இரவில் தரவிறக்கிப் படித்தேன். விண்ணப்பத்தையும் அன்றே அனுப்பாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

மறுவாரம் என் மேலதிகாரியிடம், இந்தப் பட்டம் இருந்திருந்தால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்திருக்குமா என்று நேரடியாகவே கேட்டேன். கிடைத்திருக்காது என்றார். பிறகு, எனக்கு மறந்தே போயிருந்த ஒரு காலாண்டுக் கூட்டத்தை நினைவுபடுத்தினார். என் பிரிவின் லாபம் உயர்ந்திருப்பதை நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, நிதிப் பொறுப்பாளர், “லாபம் ஏறியிருக்கிறது, சரி, பணம் எங்கே?” என்று கேட்டார். நான் விற்பனை எண்ணிக்கையையே திரும்பச் சொன்னேன். கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்கும், வாடிக்கையாளர்களிடம் 90 நாள்களாக நின்றுபோன நிலுவையும்தான் அந்தப் பணம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த மேசையில் இருந்த அனைவருக்கும் அது புரிந்திருந்தது.

குறை இவ்வளவுதான் என்றால் அதற்கு இரண்டாண்டுப் படிப்பு எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. எனவே, முதலில் நிதி சாராத மேலாளர்களுக்கான ஆறு வாரக் குறுகிய காலப் படிப்பு ஒன்றை முடித்தேன். இருப்புநிலைக் குறிப்பும் பணப்புழக்க அறிக்கையும் அதன்பின் மிரட்டவில்லை. தெளிவான ஒரே ஒரு இடைவெளியை நிரப்ப நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றே இன்றும் சொல்வேன். எனக்கோ, அந்தப் படிப்பு வேறொன்றையும் காட்டிவிட்டது: விலை நிர்ணயம், புதிய சந்தை, மற்றொரு நிறுவனத்தை வாங்குவது போன்ற, உற்பத்திக்கு வெளியே உள்ள எந்த முடிவிலும் நான் ஒருநாளும் பங்கெடுத்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். துறையையே மாற்ற விரும்புபவருக்கு முழுநேர எம்பிஏதான் பெரும்பாலும் பொருத்தம். வளாக நேர்காணல்களும் இடைக்காலப் பயிற்சியும் அதில்தான் ஒழுங்காக அமைந்திருக்கும். எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, 1943-இல் சிகாகோ பல்கலைக்கழகம் இதைத் தொடங்கிய நாளிலிருந்தே, வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கானது. முன்பு படித்து முடித்த நான்கு பேரிடம் பேசினேன். எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் அருமை என்பார்கள். ஆதலால், எதைக் கைவிட வேண்டியிருந்தது என்று கேட்டேன். ஒருவர் தூக்கம் என்றார், இருவர் பிள்ளைகளின் விடுமுறைகள் என்றனர். நான்காமவர் சற்று யோசித்துவிட்டு, “எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை” என்றார். அந்தப் பதில் என்னை விடவில்லை.

அதன் விளைவாக எட்டு வாரங்களுக்கு என் நேரத்தை அரைமணி அரைமணியாகக் குறித்துவைத்தேன். நான் பார்த்த பாடத்திட்டம் 20 மாதங்கள் நீண்டது. இரு வாரங்களுக்கு ஒருமுறை வெள்ளியும் சனியும் முழுநாள் வகுப்பு, ஆண்டுக்கு இருமுறை ஒரு வாரம் தங்கிப் படிப்பது, இவற்றோடு வாரம் 15 மணி நேரமாவது வாசிப்பும் குழுப்பணியும். என் குறிப்பேட்டில் அதற்கு இடமே தெரியவில்லை. ஆனால், வாரத்தில் 11 மணி நேரம் பிறர் எடுத்த முடிவுகளுக்கு நான் ஒப்புதல் போடுவதில் கழிந்திருந்தது. கொள்முதல் ஆணை, கூடுதல் நேர வேலை, விடுப்பு என அவற்றுள் பெரும்பாலானவை என் துணைப் பொறுப்பாளர் ஏற்கெனவே சரிபார்த்தவை. நேரம் இல்லாமல் இல்லை, நான்தான் அதைப் பிடித்துவைத்திருந்தேன்.

விண்ணப்பக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்னும் தேர்வு 90 நிமிடங்களில் 40 கேள்விகள் கொண்டது. எல்லா நிறுவனங்களும் அதைக் கேட்பதில்லை. அந்தத் தேர்வுக்குத் தயாராக ஆறு வாரப் பயிற்சி எனக்குப் போதுமானதாக இருந்தது. கட்டுரைகளில் கூட்டத்தில் திணறிய கதையையே எழுதினேன். அதைவிட, ஒரு நாள் பார்வையாளராக வகுப்பில் உட்கார்ந்ததுதான் பயன்பட்டது. ஒரு நிறுவனத்தின் விலைக்குறைப்பை அலசிக்கொண்டிருந்தபோது, மருத்துவமனை நிர்வாகி ஒருவர் அதற்கு எதிராக முன்வைத்த வாதம் உற்பத்திக்காரனான எனக்கு ஒருபோதும் தோன்றியிராது. ஆசிரியர் பேசியது அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம்கூட இருக்காது.

நிறுவனத்தின் உதவித்தொகைதான் கடைசி முடிச்சு. கட்டணத்தில் பாதியைத் தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு, படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டுகள் விலகக்கூடாது என்று ஒப்பந்தப் பத்திரம் வந்தது. இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்ற வாசகத்தை ஏற்க மறுத்து, பணியாற்றிய காலத்துக்கு ஏற்பத் தொகை குறைய வேண்டும் என்று கேட்டு, மூன்று ஆண்டை இரண்டாகவும் குறைத்துக்கொண்டேன். பணத்தைவிட எழுத்தில் வாங்கிய மற்றொன்றையே முக்கியமாக நினைக்கிறேன்: வகுப்பு வெள்ளிக்கிழமைகள் என் விடுப்பில் கழிக்கப்படா.

சேர்க்கை உறுதியானபின் கால அட்டவணை வந்தது. தங்கிப் படிக்கும் முதல் வாரம், எங்கள் ஆண்டு வரவுசெலவுத் திட்டக் கூட்டம் நடக்கும் அதே வாரத்தில் விழுந்திருந்தது. ஒத்திவைக்கக் கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். துணைப் பொறுப்பாளரை அழைத்து, கூட்டத்துக்கான கோப்பை அவரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் புரட்டியதுமே, நிலுவைத் தொகை இந்த முறை எத்தனை நாள் என்று கேட்டார்.