ஒரே 500, மூன்று காரணங்கள்

தளத்தைத் தாங்கும் கணினியான சேவையகம், பக்கத்துக்குப் பதிலாக 500 என்ற பிழை இலக்கத்தைக் காட்டும்போது நமக்குத் தெரிவது ஒன்றுதான்: உள்ளே ஏதோ ஓர் இடத்தில் வேலை நின்றுவிட்டது. எந்தக் கோப்பில், எந்த வரியில், எதனால் நின்றது என்பதைச் சேவையகம் வேறோர் இடத்தில், பதிவு (லாக்) என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கும். அதைத் தேடி எடுத்து வாசித்ததால்தான் எங்கள் இணையத்தளம் இன்று ஒழுங்காக இயங்குகிறது. இலங்கை மலையகத்தில் பாடசாலைக்கும் கோயிலுக்கும் சங்கத்துக்கும் தளம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள். கணினியைத் தொழிலாகப் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருக்கும் ஆவணங்களைச் சேர்த்து வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் ஓர் இணையத்தளத்தில் ஏற்றி வருகிறோம். தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் எழுதப்பட்ட விண்ணப்பங்களின் பிரதிகள், அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ஆம் ஆண்டு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற இந்தியக் கடவுச்சீட்டுகள், இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு ரயில் ஏறும் முன்பு எடுத்த குடும்பப் படங்கள் என்று பல வகை. எல்லாம் லயத்து வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடந்தவை. இந்த மலை ஈரத்தில் கடதாசி நெடுநாள் தாங்காது. பல படங்களில் முகத்தின் மேலேயே பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை.

படங்களை ஆல்பமாகக் காட்டவும், குறிப்புகளில் தமிழில் தேடவும் ஒரு செருகுநிரல் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) தேவைப்பட்டது. பொருத்தமான ஒன்றை வாங்கினோம். நிறுவும் வேலைதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

முதல் தடை சிறியது. செருகுநிரல் அடங்கிய சுருக்கக் கோப்பான ஜிப் 12 எம்பி. எங்கள் சேவையகம் ஒரு கோப்புக்கு அனுமதித்ததோ 8 எம்பி. பதிவேற்றக் கோப்பு வரம்பை மீறிவிட்டது என்று வேர்ட்பிரஸ் நேராகவே சொன்னது. இந்த வரம்பை உயர்த்த, எச்டிஅக்சஸ் என்ற சேவையக அமைப்புக் கோப்பில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பிக்குரிய சில வரிகளைச் சேர்க்கும்படி இணையத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் படித்து இப்போது கொழும்பில் மென்பொருள் துறையில் இருக்கும் மாணவர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "வேண்டாம் சேர். உங்கள் சேவையகத்தில் பிஎச்பி தனியாக ஓடுகிறது. அந்த வரிகளைச் சேவையக மென்பொருளான அப்பாச்சி புரிந்துகொள்ளாது. தளம் முழுவதும் விழுந்துவிடும்" என்றார். வேறு வழியையும் அவரே சொன்னார். சேவையகத்தை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் உள்ள கோப்பு மேலாளர் வழியாக ஜிப்பைச் செருகுநிரல்களின் கோப்புறைக்குள் ஏற்றி, அங்கேயே பிரித்தால் போதும். அந்த 8 எம்பி வரம்பு அங்கே குறுக்கிடாது. தோட்டத்தில் மழைக்காலத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பாதியில் அறுந்த ஜிப்பைப் பிரித்தால் கோப்புகள் குறையும். அதுவே பிறகு புதிய வழுவாகக் கிளம்பும். ஆகவே ஹட்டன் நகரத்துக்குப் போய் ஏற்றினேன். ஏற்றிய பின் கோப்பின் அளவு கணினியில் இருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

செருகுநிரலை இயக்கப் பொத்தானை அழுத்தியதும் தளம் போய்விட்டது. முகப்பும் இல்லை, நிர்வாகப் பக்கமும் இல்லை. 500 மட்டும் நின்றது.

2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி ஒரு செருகுநிரல் தளத்தைக் கவிழ்த்தால் வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்பும். எந்தச் செருகுநிரல், எந்தக் கோப்பு, எந்த வரி என்பதும் அதிலேயே இருக்கும். எங்களுக்கு அது வரவில்லை. தளத்தில் பதிவாகியிருந்தது முன்பு செயலாளராக இருந்தவரின் பழைய முகவரி. அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். மின்னஞ்சல் இல்லாவிட்டாலும் தளத்தை எழுப்ப வழி உண்டு. கோப்பு மேலாளரில் அந்தச் செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றிவிட்டால் வேர்ட்பிரஸால் அதைக் கண்டுபிடிக்க முடியாது; தானாகவே நிறுத்திவிடும். பெயரின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தேன். தளம் எழுந்து நின்றது. எழுதியதும் ஏற்றியதும் எதுவும் அழியவில்லை என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

மாணவரிடம் பேசினேன். "இலக்கத்தை விடுங்கள் சேர், பதிவில் என்ன எழுதியிருக்கிறது?" என்றுதான் கேட்டார். வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் மூன்று அமைப்புகளை மாற்றச் சொன்னார்: பிழைதிருத்த நிலையை இயக்குவது, வழுக்களைக் கோப்பில் எழுத வைப்பது, பார்வையாளர் திரையில் அவற்றைக் காட்டாமல் தடுப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் உங்கள் சேவையகத்தின் கோப்புறைப் பெயர்கள் ஊருக்கே தெரியும்படி திரையில் வந்து நிற்கும். மாற்றிய பின் கோப்புறைப் பெயரைப் பழையபடி ஆக்கி, செருகுநிரலை மறுபடியும் இயக்கி, விழவிட்டு, டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் புதிதாகத் தோன்றிய டிபக் கோப்பைத் திறந்தேன்.

பிஎச்பிக்குக் கூடுதல் திறன் தரும் எம்பிஸ்ட்ரிங் என்ற நீட்சியைச் சேர்ந்த ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) அழைக்கப்பட்டது, அது இங்கே இல்லை என்று கடைசி வரி சொன்னது. இந்த நீட்சியைப் பற்றித் தமிழில் தளம் நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தோட்டம்' என்ற சொல்லில் புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாக எண்ணினால் ஏழு குறியீடுகள். ஆக 21 பைட். பிஎச்பியின் சாதாரணச் செயற்கூறுகள் பைட்டைத்தான் எண்ணும். அவற்றைக் கொண்டு சொல்லை வெட்டினால் எழுத்தின் நடுவிலேயே கத்தி விழும். திரையில் கேள்விக்குறி வரும். பைட்டை விட்டுக் குறியீடு குறியீடாக எண்ணத் தெரிந்தது எம்பிஸ்ட்ரிங். அது பிஎச்பியோடு தானாக வருவதில்லை, சேவையகம் நடத்துபவர் இணைத்துத் தர வேண்டும். வேர்ட்பிரஸ் அதில் ஒன்றிரண்டு செயற்கூறுகளுக்கு மட்டும் மாற்று வைத்திருப்பதால் குறை அதுவரை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. சிபேனலில் பிஎச்பி பதிப்பைத் தெரிவு செய்யும் பக்கத்தில் நீட்சிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் எம்பிஸ்ட்ரிங்குக்கு எதிரே ஒரு சரி அடையாளம் இட்டேன். அவ்வளவுதான்.

செருகுநிரல் இயங்கியது. தேடலும் வந்தது. ஆல்பங்களைத் தயாரிக்கச் சொன்னேன், திரும்பவும் 500.

இம்முறை நேரே பதிவுக்குப் போனேன். அனுமதிக்கப்பட்ட 268435456 பைட் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று இருந்தது. அது 256 எம்பி. நிர்வாகப் பக்க வேலைகளுக்கு வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கேட்கும் உச்ச அளவு இதுதான். நாலைந்து எம்பி படம் ஒன்றுக்கு 256 எம்பி எப்படிப் போதாமல் போகும் என்று முதலில் விளங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததும் விளங்கியது. ஹட்டன் கொமியுனிகேஷன் கடையில் எங்களுக்கு ஸ்கேன் செய்து தரும் தம்பி, நல்ல மனதோடு எல்லாவற்றையும் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்துத் தந்திருந்தார். ஏ4 தாளை அப்படி எடுத்தால் 4960 பெருக்கல் 7016 புள்ளிகள், கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி. வட்டில் கிடக்கும்போது படம் சுருங்கியிருக்கும். திறந்ததும் புள்ளி ஒன்றுக்கு நான்கு பைட் வீதம் விரிந்து 132 எம்பியைத் தாண்டுகிறது. கிடையாகக் கிடக்கும் படத்தைச் செருகுநிரல் நிமிர்த்தும்போது இன்னொரு முழுப் பிரதி உருவாகும். இரண்டும் சேர்ந்தால் 27,83,94,880 பைட். வரம்பு அங்கேயே உடைந்துவிட்டது.

நினைவகத்தை உயர்த்திக்கொண்டே போவது இதற்குத் தீர்வாகாது. எங்களைப் போலக் குறைந்த கட்டணத்தில் பகிர்வு சேவையகத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் தரவும் மாட்டார்கள். மூலப் படங்களை வெளி வன்தட்டில் பத்திரப்படுத்தினோம். தளத்துக்கு 300 டிபிஐ பிரதிகளை மட்டும் ஏற்றினோம். நீளமும் அகலமும் பாதியானால் புள்ளிகள் நாலில் ஒன்றாகும். திரையில் வாசிக்க அது தாராளமாகப் போதும். கடவுச்சீட்டின் முத்திரை எழுத்துக்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவது 500க்குக் காரணம் நேரம். எல்லா ஆல்பங்களையும் ஒன்றாகத் தயாரிக்கச் சொன்னபோது, பிஎச்பிக்கு விதிக்கப்பட்ட 30 விநாடி முடிந்து வேலை அறுந்தது. பதிவு இதையும் ஒளிக்காமல் சொன்னது. தோட்டம் தோட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன், முடிந்தது.

இடையில் சேவையக நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கும் எழுதினேன். கோப்புறைகளின் அனுமதியை 777 ஆக்கிப் பார்க்கும்படி பதில் வந்தது. அதை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். அந்தச் சேவையகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கோப்புகளில் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிடுவது அது. கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644; அப்போது எழுத முடிவது உரிமையாளருக்கு மட்டும். பெரும்பாலான தளங்களுக்கு இதுதான் முறை. பதிவின் கடைசி வரியை அப்படியே ஒட்டி மறுபடி எழுதியபோது, அதே பிரிவிலிருந்து பயனுள்ள பதில் கிடைத்தது. என்ன உடைந்தது என்று காட்டினால் அவர்களாலும் உதவ முடிகிறது.

வேலை முடிந்ததும் பிழைதிருத்த நிலையை நிறுத்தி, டிபக் கோப்பையும் அழித்துவிட்டேன். முகவரி தெரிந்தால் அதை உலாவியில் எவரும் திறந்து வாசிக்கலாம் என்பதால் இதை மறக்கக் கூடாது. நிர்வாகியின் மின்னஞ்சலைக் குழுவின் பொது முகவரிக்கு மாற்றினோம். கொமியுனிகேஷன் கடைத் தம்பி இப்போது ஒவ்வொரு ஆவணத்தையும் இரண்டு அளவில் தருகிறார், பெரியது வன்தட்டுக்கும் சிறியது தளத்துக்கும். அடுத்ததாகப் பொகவந்தலாவைப் பக்கத்துப் பெட்டிகளைத் திறக்கப் போகிறோம்.