அப்பாவுக்கு ஒரு இறால் பேக்ட் ரைஸ்: மூன்றாவது தடவைதான் உருப்பட்டது

அப்பாவுக்கு கிட்னி பிரச்சினை. கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய ஒரு கழிவு) 2.6, போன ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.6, இரண்டுமே அதிகம். டயாலிசிஸ் வரை போகவில்லை, ஆனால் தக்காளி, புளி, தேங்காய், கருவாடு எல்லாவற்றையும் டயட்டீஷியன் ஒரே கோடாக அடித்துவிட்டார். மீன்குழம்பிலேயே வளர்ந்த மனுஷன், இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சரி, ஓவனில் அரிசியும் கடல் உணவும் சேர்த்து ஏதாவது செய்வோம் என்று இறங்கினேன். நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, வேளைக்கு மீனும் இறாலுமாக 70 கிராம், இதுதான் கணக்கு.

முதல் அடி மளிகைக் கடையில். "கிட்னிக்கா சார்? இதைக் கொண்டு போங்க, சோடியம் கம்மி" என்று ஒரு உப்புப் பாக்கெட்டை நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து பின்பக்கம் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு! சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தை நிரப்பியிருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பிரிக்காத பாக்கெட், ஆனாலும் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தக்கொதிப்பு மட்டும் இருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம், பொட்டாசியம் ஏறியிருக்கிற வீட்டுக்குள் அது வரவே கூடாது.

அடுத்தது உறைய வைத்த இறால். வேகவைக்காத அரிசி, தண்ணீர், இறால் எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு 180 டிகிரியில் 50 நிமிடம் வைத்தேன். மேலே அரிசி நறுக் நறுக்கென்று கடிபட்டது, அடியில் களி, இறால் ரப்பர். பாத்திரம் முழுக்க வெள்ளையாக ஒரு நுரைத் தண்ணீர் வேறு. எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் என்று குப்பைத்தொட்டியில் இருந்து கவரை எடுத்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். ஐஎன்எஸ் 451, 452 என்று சேர்மானங்களின் குறியீட்டு எண்கள். பாஸ்பேட்! இறால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சேர்ப்பது. கிட்னி பழுதானால் பாஸ்பரஸும் சரியாக வெளியேறாது; மீனில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸைவிட இப்படிச் சேர்ப்பதை உடம்பு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அத்தனையும் கொட்டியாயிற்று.

ஞாயிறு விடிகாலை காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். "வெறும் ஐஸ்தான் தம்பி, மருந்தெல்லாம் கெடையாது" என்ற அக்காவிடம் கால் கிலோ இறால், ரெண்டு துண்டு கொடுவா. இரண்டாவது தடவை இறால் சரியாக வந்தது, சோறு மறுபடியும் வேகவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "கஞ்சியை வடிச்சுட்டு அப்புறம் உள்ள வையேன்டா." இரண்டு பிரச்சினைக்கும் அதுதான் பதில். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அரிசியின் பொட்டாசியமும் கொஞ்சம் கஞ்சியோடு போகும், முக்கால் பதத்தில் உள்ளே போவதால் ஓவனில் நறுக்கென்று நிற்கவும் நிற்காது. ஒரு கப் பாஸ்மதி, கொதிக்கும் தண்ணீரில் ஏழு நிமிடம். பீன்ஸையும் குடைமிளகாயையும் பொடியாக நறுக்கி அதே மாதிரி வேகவைத்து வடித்தேன். வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, மிளகு, சோம்பு, கறிவேப்பிலை எண்ணெயில் வதக்கி, நாலு பேருக்கும் சேர்த்து கால் டீஸ்பூன் சாதா உப்பு. அடியில் மீன், மேலே சோறு, ஃபாயில் மூடி 20 நிமிடம். அப்புறம் திறந்து இறாலைப் பதித்து இன்னும் பத்து நிமிடம். இறாலை முதலிலேயே போட்டால் மறுபடி ரப்பர்தான். எலுமிச்சையைக் கடைசியில், தாராளமாக. உப்பு குறைவது அந்தப் புளிப்பில் பாதி மறைந்துவிடும். சீஸ், ஸ்டாக் க்யூப் பக்கமே போகாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு, என் 70 கிராமை அப்படியே எடுக்காமல் உங்கள் டயட்டீஷியனிடம் கேளுங்கள்.

அப்பா முதல் வாயில் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே, "ஊறுகா..." என்று ஆரம்பித்தார். அம்மா ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள்.