பெரட்டும் பரேடும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டுச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் டவுன் ஒட்டுக்கடையில் காலைத் தேநீர் குடிக்கும் முதியவர்கள் இன்றும் "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திக் தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். துரைமாரின் 'பரேட்' என்ற சொல் நம்மவர் வாயில் விழுந்து பெரட்டு ஆயிற்று என்று என் தாத்தா சொல்லுவார். பெரட்டுக் களத்திலும் உண்மையான பரேட் திடலிலும் நின்றவர் என்பதால், அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது.

1943இல் தாத்தாவுக்குப் பத்தொன்பது வயது. அந்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்திறங்கி, 5ஆம் தேதி பாடாங் திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'டில்லி சலோ' என்று முழங்கிய செய்தி சில வாரங்களில் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த படை, சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு மோகன் சிங் அமைத்தது. அது 1942 டிசம்பரிலேயே கலைந்துபோனது. போஸ் வந்த பிறகுதான் மலாயாவின் சாதாரணக் குடிமக்களுக்கு, அதிலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களுக்கு, படையின் கதவு அகலத் திறந்தது.

தாத்தா தேசபக்தியினால் மட்டும் போனார் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், தோட்டத்தில் வேலையும் இல்லை, கையில் இருந்த வாழைமர நோட்டுக்கு, அதாவது ஜப்பானியர் ஆட்சியில் அச்சடித்த பணத்துக்கு, மதிப்பும் இல்லை. அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கைத் தின்று, துணிக்குப் பதிலாகச் சாக்கை உடுத்திக்கொண்டிருந்த காலம் அது. போதாக்குறைக்கு, சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் தமையனாரை அப்படித்தான் கொண்டுபோனார்கள்; அவர் திரும்பவே இல்லை. "சயாமுக்குப் போனா மண்வெட்டி, பட்டாளத்துக்குப் போனா துப்பாக்கி. எப்படியும் சாவுதான்னா எதைப் பிடிச்சுக்கிட்டுச் சாகிறது?" என்று தாத்தா என்னைக் கேட்டிருக்கிறார். பதினோரு வயதில் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பகாவிலிருந்து கோலப்பிலா வழியாகப் புக்கிட் புத்தூஸ் மலைப்பாதையில் லாரியில் ஏற்றி, சிரம்பானில் இருந்த பயிற்சி முகாமுக்குத் தாத்தாவையும் அவரோடு படையில் சேர்ந்தவர்களையும் கொண்டுபோனார்கள். லாரியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை சிரம்பானைப் பார்த்ததே இல்லை.

முகாமின் முதல் வாரம் தமக்குச் சிறிதும் சிரமமாக இல்லை என்று தாத்தா சொன்னது எனக்கு நெடுநாள் புதிராகவே இருந்தது. பிறகு யோசித்தால் விளங்குகிறது. இருட்டில் எழுவது, வரிசையில் நிற்பது, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பது, நீண்ட கொட்டகையில் பாய் போட்டுப் படுப்பது, மணி அடித்தால் சாப்பிடுவது, மணி அடித்தால் விளக்கை அணைப்பது என்று தோட்டம் அவரைப் பத்து வயதிலிருந்தே பழக்கி வைத்திருந்தது. நகரத்திலிருந்து வந்த கடைப்பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பையன்களும்தான் திணறினார்களாம். தோட்டத்து ஆட்களுக்கு வந்த ஒரே தொல்லை பூட்ஸ். வெறுங்காலில் நடந்து நடந்து விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்த பாதங்களை அதற்குள் திணித்து மைல் கணக்கில் நடந்ததில் குதிகாலெல்லாம் கொப்புளமாகி, இரவில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஊசியால் குத்தி நீரை வடித்துக்கொண்டிருப்பார்களாம்.

காலையில் உடற்பயிற்சி, பிறகு அணிநடை, பிறகு ஆயுதப் பயிற்சி, பிற்பகலில் வகுப்பு, மாலையில் விளையாட்டு அல்லது பாட்டு. கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில். பயிற்றுநர்களில் பலர் பஞ்சாபியர்; பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் தமிழர். ஆகவே வகுப்பில் இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தமிழே சரியாக எழுத வராத தாத்தா அந்த எழுத்துகளை எப்படிப் பிடித்தாரோ தெரியாது, ஆனால் எண்கள் மட்டும் அவர் நாவிலிருந்து கடைசிவரை போகவே இல்லை. வீட்டில் தேங்காய் எண்ணினாலும் ஏக், தோ, தீன்தான். இருபதைத் தாண்டியதும் தமிழுக்கு வந்துவிடுவார்.

துப்பாக்கி கைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை மரக்கட்டையைத் தோளில் வைத்து நடந்தார்களாம். வந்தது பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றிய .303 ரைபிள், ஏறத்தாழ நான்கு கிலோ கனம். அதைத் துடைக்கும் விதத்தைத் தாத்தா ஒரு முறை குடைக்கம்பியை வைத்து எனக்குச் செய்துகாட்டினார். ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டால் அது மறுமுனைக்கு வழுக்கிக்கொண்டு போகும். கயிற்றின் வால்பக்கம் உள்ள வளையத்தில் சிறு துணித்துண்டை எண்ணெயில் நனைத்துச் செருகி, ஒரே இழுப்பாக, நடுவில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் துணி சிக்கிக்கொள்ளும்; சிக்கினால் ஹவில்தாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்; சொன்னால் திடலை எத்தனை முறை சுற்றுவது என்பது ஹவில்தாரின் மனநிலையைப் பொறுத்தது.

சுடுவதற்குத் தோட்டாக்கள் மிகக் குறைவு. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் ஆளுக்குக் கிடைத்ததாம். ஆனாலும் தாத்தா குறி தவறவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் நம்புகிறேன். பால் வெட்டுகிறவன் உளியைப் பட்டையின் மீது வைத்து இழுக்கும்போது, பால் வரும் ஆழம் வரை போக வேண்டும், அதற்குக் கீழே மயிரிழை போனாலும் மரத்தில் காயம் விழும், காயம் விழுந்தால் கங்காணியிடம் ஏச்சு. அந்த ஆழம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். துப்பாக்கியின் விசையான குதிரையை அழுத்துவதும் அப்படியே என்றார். வெடுக்கென்று இழுப்பவனுக்குக் குழல் ஆடிவிடும்; பட்டை சீவுகிற மாதிரி மெல்ல அழுத்திக்கொண்டே போகிறவனுக்கு எப்போது வெடித்தது என்றே தெரியாது.

இவ்வளவையும்விட அவர் அதிகம் பேசியது சாப்பாட்டு வரிசையைப் பற்றி. சாப்பாடு ஒன்றும் பிரமாதம் இல்லை. சோறு கொஞ்சம், கிழங்கு நிறைய. ஆனால் அந்தப் படையில் சாதிக்கும் மதத்துக்கும் தனிச் சமையல் கிடையாது. எங்கள் லயத்தில் தண்ணீர்க் குழாய்க்குக்கூட இன்னார் முதலில், இன்னார் பிறகு என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்த காலத்தில், தாத்தாவின் வலப்பக்கம் ஒரு சீக்கியரும் இடப்பக்கம் ஒரு முஸ்லிமும் எதிரே தோட்டத்துக் கங்காணி வீட்டுப் பிள்ளையும் தட்டேந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கங்காணி மகன் முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைத் தாத்தா சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். நான்காம் நாள் பசி ஜெயித்துவிட்டது. மேலதிகாரிக்குச் சல்யூட் வைத்தால் அவரும் திருப்பி வைப்பார் என்பது அவருக்குக் கிடைத்த மற்றொரு அதிர்ச்சி. தோட்டத்தில் துரைக்குக் கும்பிடு போட்டால் துரையின் நாய்தான் திரும்பிப் பார்க்கும்.

1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டு, தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். "எங்கப்பா விட்டிருந்தா நானும் போயிருப்பேன், உங்க தாத்தாவைக் கட்டிக்கிட்டு மாரடிச்சிருக்க மாட்டேன்" என்பது பாட்டியின் கருத்து.

தாத்தா பர்மாவுக்குப் போகவில்லை. இம்பாலை நோக்கிய போர் 1944இல் தோல்வியில் முடிந்தபோது அவர் பிரிவு மலாயாவிலேயே இருந்தது. தம்மோடு பயிற்சி பெற்றுப் போனவர்கள், தமையனார் மண் சுமந்த அதே சயாம் பாதையில் ரயிலேறிப் போனார்கள் என்பதை மட்டும் ஒரே ஒரு முறை சொன்னார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் முகாம் கலைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் மோரிப் கடற்கரையில் இறங்கியபோது, காக்கிச் சட்டையைப் புதைத்துவிட்டு அவர் சிரம்பானிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு தோட்டம் மறுபடி திறந்தது. மறுபடி பெரட்டு. அந்தக் காலத்து வழக்கப்படி, கிராணி பெயர் கூப்பிடும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பிலோ கக்கத்திலோ வைத்துக்கொண்டு குனிந்து "ஐயா" என்று சொல்ல வேண்டும். தாத்தா துண்டை அவிழ்க்காமல், இரண்டு குதிகாலையும் சேர்த்து நிமிர்ந்து நின்று, "இருக்கேன்" என்றாராம். வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு அப்படி நின்றுவிட்டது என்பது அவர் கட்சி. கிராணி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், மலை உச்சியில் இருந்த கடைசி நிரையை, அதாவது ஒருவர் வெட்ட வேண்டிய மர வரிசையை, அவர் பெயருக்கு எதிரே எழுதினார். தோளில் கம்பு வைத்துத் தூக்கும் காண்டா வாளியில் பாலைச் சுமந்துகொண்டு இறங்குவதற்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும் நிரை அது. பல ஆண்டுகள் அதையே வெட்டினார். என் அப்பா பால் வெட்டக் கற்றுக்கொண்டதும் அந்த நிரையில்தான்.