ரத்த வங்கிக்கு வந்த மூப்பர்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் ஆலோசகராக இருக்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பிரஷரோ ஹீமோகுளோபினோ சரியில்லை என்றால் மனம் நோகாமல் திருப்பி அனுப்ப வேண்டும். ரத்தம் வேண்டாம் என்பவர்களிடம் பேசுவது என் வேலையில் சேராது. ஆனால் அப்படி யாராவது வந்துவிட்டால் வார்டில் இருந்து போன் எனக்குத்தான் வரும்.

2014-ல் அப்படி ஒரு போன் வந்தது. கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய ஒரு பெண், யெகோவாவின் சாட்சி. ரத்தம் ஏற்றிக்கொள்வது பாவம் என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவு அது. ஹீமோகுளோபின் 6-ஐத் தாண்டவில்லை. ரத்தம் ஏற்ற மாட்டேன் என்று கையெழுத்திட்ட அட்டையைக் கைப்பையில் வைத்திருந்தார். மதியம் அவருக்காக அவர்கள் சபையை நடத்துகிற மூப்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். சித்திரை வெயிலில் டை கட்டி, கையில் தோல் பை. சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களில் இளையவர் என் மேஜையில் கிடந்த காகிதத்தை எடுத்து ஒரு படம் வரைந்தார். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா: இந்த நான்கும் கூடாது. அவற்றில் இருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின் என்ற புரதம் மாதிரியானவை அவரவர் மனசாட்சிக்கு விட்டது. 2000-ல் இருந்து இதுதான் நிலைப்பாடு என்றார். உடம்பில் ரத்தம் ஊறச் செய்யும் அயர்ன் சுக்ரோஸ், எரித்ரோபொயட்டின் ஊசிகள் பற்றியெல்லாம் எங்கள் பயிற்சி டாக்டர்களைவிடத் தெளிவாகப் பேசினார். ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவைத்து, அந்த ஊசிகளைப் போட்டு ஹீமோகுளோபினை உயர்த்திக்கொண்டு, ஒரு சொட்டு வெளி ரத்தம் இல்லாமல் முடித்தார்கள். அந்தப் பெண் நடந்துதான் வீட்டுக்குப் போனார். எல்லா முறையும் அப்படி முடியவில்லை, அது வேறு கதை.

பத்து வருடம் கழித்து 2024-ல் அதே மனிதர் என் மேஜைக்கு முன்னால் நின்றார். டை இல்லை, தாடி இருந்தது.

“சிஸ்டர், நான் ரத்தம் குடுக்கலாங்களா?”

யாருக்காவது அவசரமா என்று கேட்டேன். இல்லையாம், சும்மா கொடுக்க வேண்டுமாம். சரி, உட்காருங்கள் என்றேன். நாடித்துடிப்பு 118, பிரஷர் 160. நாங்கள் எடுத்துக்கொள்ளும் வரம்பு 100, 140. திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் வந்தபோதும் அதே கதைதான். வீட்டுப் பக்கத்து மருந்துக் கடையில் பார்த்தால் 126 தான் காட்டுகிறதாம். இங்கே படியேறும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றார். சபையை விட்டு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. “புத்திக்குப் புரிஞ்சிருச்சுங்க, ஒடம்புக்குப் புரியல.”

எங்கள் பிரிவிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறார். மருந்தே தொடாத, நகையே போடாத ஒரு சபையில் வளர்ந்தவர். வெளியே வந்து பல வருடம் ஆகிறது. நாள் முழுக்க ஊசி போடுகிறார், தனக்கும் போட்டுக்கொள்கிறார். காது மட்டும் இன்னும் குத்தவில்லை. கேட்டால் சிரிப்பார்.

பிரஷர் இறங்கட்டும் என்று அந்த மூப்பரை உட்கார வைத்திருந்த நேரங்களில் கேட்டதுதான் மற்றதெல்லாம். வெளியே வந்ததற்கு ரத்தம் காரணமே இல்லையாம். அவருடைய அப்பா 1975-க்குள் இந்த உலகம் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் இடம் வாங்காமல் விட்டவர். 1914-ஐப் பார்த்த தலைமுறை சாவதற்குள் முடிவு வரும் என்ற போதனையை நம்பி இருந்தார். 1995-ல் அவர்களுடைய காவற்கோபுரம் பத்திரிகை அந்த விளக்கத்தையும் மாற்றியது. அப்பா அதையும் ஏற்றுக்கொண்டார். மகனும் ஏற்றுக்கொண்டார். போதனை மாறினால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று வெளியில் இருந்து நாம் நினைக்கிறோம், அப்படி நடப்பதில்லை போலிருக்கிறது.

அவரை அசைத்தது சாப்பாடு. அவர் தாத்தா காலத்தில் ஊர்ப் பந்தியில் இவர்கள் குடும்பத்துக்கு இலை கிடையாது. கடைசியில், ஆட்கள் எழுந்துபோன பிறகுதான். சாட்சிகள் கூடும் ராஜ்ய மன்றத்துக்குப் போன முதல் மாதமே யாரோ ஒரு பிரதர் வீட்டில் ஒரே தட்டில் பழம் எடுத்துச் சாப்பிட்டார்களாம். அப்பா அந்தப் பழத்தைப் பற்றிச் சாகும்வரை பேசினாராம். அப்புறம் இவருடைய மகள் சபைநீக்கம் ஆனாள். கல்யாணமாகித் தனி வீட்டில் இருந்தவள். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீக்கப்பட்டவருடன் அமர்ந்து சாப்பிடக் கூடாது. மூன்று வருடம் இவர் சாப்பிடவில்லை. ஒருநாள் மகள் வீட்டு வாசலில் பத்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உள்ளே அவள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. “எங்க தாத்தாவுக்குப் பண்ணுனத நான் எம்பொண்ணுக்குப் பண்றேன்னு தோணுச்சுங்க.”

அந்த அமைப்பின் ஆளும் குழுவிலேயே இருந்த ரேமண்ட் ஃப்ரான்ஸ் 1981-ல் நீக்கப்பட்டதும், வெளியேறிய ஒருவரோடு உணவகத்தில் சாப்பிட்டதற்காகத்தான். இதை அவர்தான் சொன்னார். அமெரிக்காவில் 2014-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், சாட்சிகளாக வளர்ந்தவர்களில் சுமார் 34 சதவீதம் பேர்தான் பெரியவர்களான பிறகும் அதிலேயே இருந்தார்கள் என்று பின்னால் நான் படித்தேன். அவரிடம் சொன்னபோது ஆச்சரியப்படவில்லை. “எண்ணிக்கை சரிங்க. வெளிய வந்தவங்கள்ல ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே,” என்றார். தெரிந்தவர்கள் எல்லாம் உள்ளே இருக்கிறார்கள். இவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

ஆனாலும் பேச்சில் “நம்ம” வந்துவிடும். கேரளாவில் தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியில் இருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு 1986-ல் உச்ச நீதிமன்றம் நியாயம் சொன்னதே, அதைச் சொல்லும்போது “நம்ம கேசுங்க அது” என்றார். பாதியில் நிறுத்தி “அவங்க கேசு” என்று திருத்திக்கொண்டார். தாடியைத் தடவி ஒரு தரம் சிரித்தார். தாடி வளர்க்கத்தான் வெளியே வந்தான் என்று சபையில் சிலர் பேசினார்களாம். 2023 டிசம்பரில் உள்ளே இருப்பவர்களும் தாடி வைக்கலாம் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது முறை நாடி 96, பிரஷர் 138. டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஊசி ஏறும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ரப்பர் பந்தை அமுக்கினார். 350 மில்லி, எட்டு நிமிடம். முடிந்ததும் பையைத் தொட்டுப் பார்க்கலாமா என்றார். பொதுவாக நாங்கள் கொடுப்பதில்லை. கொடுத்தேன். “சூடா இருக்குங்க,” என்றார். அன்று மாலையே அது மெஷினில் சுழன்று சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிந்திருக்கும். பத்து வருடத்துக்கு முன் என் மேஜையில் அவர் வரைந்த அதே படம்.

மாம்பழ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவரிடம் கொடையாளர் அட்டையை நீட்டினேன். பர்ஸைத் திறந்து செருகினார். அங்கே பழைய அட்டை, ரத்தம் ஏற்றக் கூடாது என்பது, இன்னும் இருந்தது. ஏதாவது ஆகி எங்கேயாவது கிடந்தால் டாக்டர் எதைப் பார்ப்பார் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றேன்.

குறுக்கே ஒரு கோடு போட்டு, செல்லாது என்று எழுதித் தேதியும் போட்டிருந்தார். திருப்பிக் காட்டினார். கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு. அதில் ஒன்று கோணல்மாணலாக இருந்தது.

“எங்கம்மா போட்டதுங்க. இப்பப் பேசறதில்ல,” என்று சொல்லி மறுபடி உள்ளே வைத்தார்.