பெயரும் நாளும் கோப்புக்குள்ளே: திருகோணமலைப் படவேலைக் குறிப்புகள்

2025 மே 4, ஞாயிறு

ஒரு குடும்பத்தின் மொத்தப் படச் சேமிப்பையும் ஒழுங்குபடுத்தும் வேலை இன்று தொடங்குகிறது. பழைய அல்பங்கள், கமராவின் மெமரி கார்ட்டுகள், போன்கள், எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு ஹார்ட்டிஸ்க். மென்பொருள் அடோபி போட்டோஷொப் எலிமென்ட்ஸ். அடுக்குவதற்கு ஓர்கனைசர், திருத்துவதற்கு எடிட்டர் என்று அதில் இரண்டு பகுதிகள்.

தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது முதற்படியிலேயே. ஓர்கனைசருக்குள் படம் எதுவும் கிடையாது. அங்கே தெரிவது சிறு உருக்கள்தான்; உண்மையான கோப்பு ஹார்ட்டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கற்றலொக் என்பது எந்தப் படம் எந்த போல்டரில் என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடு. வின்டோஸில் போய் போல்டரின் பெயரை மாற்றினால் பதிவேட்டுக்கு அது தெரியாது. படத்தின் மேல் ‘காணவில்லை’ என்ற குறி வந்துவிடும். அப்போது ‘ஃபைல்’ மெனுவில் ‘ரீகனெக்ட்’, அதற்குள் ‘ஓல் மிஸ்ஸிங் ஃபைல்ஸ்’. பத்துப் படமென்றால் சரி, பத்தாயிரமென்றால் பொழுது போய்விடும். ஆகவே உள்ளே எடுத்த (இம்போர்ட் செய்த) பிறகு நகர்த்துவதானாலும் பெயர் மாற்றுவதானாலும் ஓர்கனைசருக்குள் இருந்தபடியே செய்ய வேண்டும்.

இதனால்தான் போல்டர் அமைப்பை முதலில் முடிக்கிறோம், பிறகுதான் உள்ளே எடுப்பது. ஆண்டுக்கு ஒரு போல்டர். அதற்குள் ‘2025-04-14 புத்தாண்டு’ என்ற மாதிரி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையும் ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூச்சியமும் முக்கியம். இல்லாவிட்டால் பெயர்வாரியாக அடுக்கும்போது 10ஆம் மாதம் 2ஆம் மாதத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

மே 5, திங்கள்

நாள், நேரம் திருத்தும் வேலை. போன் தன் நேரத்தை வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கமரா அப்படியல்ல. உள்ளே இருக்கும் சிறு பற்றரி செத்தால் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் ஏதோ ஒரு ஆண்டின் ஜனவரி 1ஆம் திகதியில் போய்க் குவியும்.

திருத்த, அந்தத் தொகுதியை முழுதாகத் தெரிவுசெய்து ‘எடிட்’ மெனுவில் ‘அட்ஜஸ்ட் டேட் அன்ட் டைம்’. கேட்கும் தெரிவுகளில் ‘ஷிஃப்ட் டு நியூ ஸ்டார்ட்டிங் டேட் அன்ட் டைம்’ என்பதை எடுக்க வேண்டும். முதற் படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மற்றவை அதே இடைவெளியோடு பின்னால் நகரும். குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கு மாற்றும் தெரிவை அழுத்தினால் அத்தனை படங்களும் ஒரே நிமிடத்தில் எடுத்தவையாகிவிடும், வரிசை போய்விடும். சரியான நேரம் எது என்பதற்கு, கமராவும் யாரோ ஒருவரின் போனும் ஒரே கணத்தைப் பிடித்திருக்கும் படங்களைத் தேட வேண்டும். தாலி கட்டும் நேரம் அதற்கு நல்லது. அந்த நேரம் போன் தூக்காதவர் மண்டபத்தில் இல்லை.

இலங்கையின் நேரம் 1996இல் மாற்றப்பட்டு, பின்னர் 2006 ஏப்ரல் வரை கிரீன்விச்சுக்கு 6 மணி நேரம் முன்னால் இருந்தது. இப்போது ஐந்தரை. அந்தக் கால டிஜிட்டல் படங்களில் நேர வலயம் எழுதப்படவில்லை. அரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். அன்று வீட்டு மணிக்கூடு காட்டியதைத்தான் கமராவும் எழுதியிருக்கிறது.

வட்ஸ்அப் படங்கள் தனிச் சிக்கல். ‘IMG’ என்று தொடங்கி நடுவில் ‘WA’ வரும் கோப்புப் பெயரிலுள்ள நாள் படம் எடுத்த நாளல்ல, அனுப்பியதோ வந்து சேர்ந்ததோதான். எடுத்த நேரம், கமரா, இடம் எல்லாம் அனுப்பும்போதே கழற்றப்பட்டுவிடும். நீளப்பக்கமும் சாதாரணமாக 1600 பிக்சலுக்குச் சுருங்கும். மூலம் யாரிடமாவது இருந்தால் ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பச் சொல்வதுதான் வழி. இல்லாதவற்றை வேறு போல்டரில் வைத்து, தெரிந்த நாளைக் கையால் கொடுக்கிறோம்.

மே 8, வியாழன்

அல்பங்களை ஸ்கான் செய்யும் நாள். கடற்காற்று அடிக்கும் ஊரில் அல்பம் இருக்கும் நிலை சொல்லத் தேவையில்லை. பசை ஒட்டிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள அல்பங்களில் படம் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் கிளப்பினால் முகம் தாளோடு போகும். பல் இடுக்குத் துப்புரவாக்கும் நூலை ஒரு மூலையில் நுழைத்து, அரம் இழுப்பதுபோல் மெதுவாகக் கொண்டுபோனால் பசை விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் விடவில்லையென்றால் அதோடு சேர்த்தே ஸ்கான். பளபளப்புக் கொஞ்சம் வரும், பரவாயில்லை.

அளவு: 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. அது 2400×3600 பிக்சல், அதாவது பின்னால் 8×12 அங்குலத்துக்கு 300 டிபிஐயில் அச்சடிக்கப் போதும். 1200 வைத்தால் கோப்பு நான்கு மடங்காகும். காகிதத்தின் நார்தான் கூடுதலாகத் தெரியும். டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஒன்று ஏறக்குறைய 26 மெகாபைட். மூலமாக வைப்பது அதைத்தான். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும்.

கண்ணாடியில் ஒரே தடவையில் நான்கு படம் வைத்து, எடிட்டரில் ‘இமேஜ்’ மெனுவின் ‘டிவைட் ஸ்கான்ட் போட்டோஸ்’ கொடுத்தால் தானாகவே பிரித்துத் தரும். படங்களுக்கிடையே விரலளவு இடைவெளி வேண்டும். வெள்ளை ஓரமுள்ள பழைய படங்களை வெள்ளை மூடியின் கீழ் வைத்தால் எல்லை எதுவென்று தெரியாமல் இரண்டை ஒன்றாகவே வெட்டும். மேலே ஒரு கறுப்பு அட்டை வைத்தால் தீர்ந்தது.

அல்பத்துக்குள் இருட்டில் கிடந்த 1970கள், 80களின் கலர்ப் படங்கள் செம்மை ஏறியிருக்கும். சியான் சாயம் முதலில் கெடுவதால் அப்படி. ‘ஓட்டோ’ பொத்தான் சிலவேளை சரியாக்கும், பலவேளை முகத்தைச் சாம்பலாக்கும். லெவல்ஸை (வெளிச்சம் பரவியிருப்பதை வரைபடமாகக் காட்டித் திருத்தும் கருவி) அட்ஜஸ்ட்மென்ட் லேயராக, அதாவது மூலப்படத்தைத் தொடாத மேலடுக்காகப் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சனலாக எடுத்து, இரு முனை முக்கோணங்களையும் வரைபடம் தொடங்கும் இடத்துக்கு நகர்த்துவதே நம்பகமானது. நகர்த்தும்போது ஓல்ட் (Alt) விசையை அழுத்திப் பிடித்தால் எந்த இடம் வெளுத்துப் போகிறது என்று திரையே காட்டும்.

பூஞ்சைப் புள்ளிகளுக்கு வெற்று லேயர் ஒன்று போட்டு, ‘சாம்பிள் ஓல் லேயர்ஸ்’ குறியிட்டு, சுற்றியுள்ளதைக் கொண்டு புள்ளியை நிரப்பும் ஸ்பொட் ஹீலிங் பிரஷ். பிரஷ் புள்ளியைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால் போதும். சேலைக்கரை, கண்ணாடி விளிம்பு போன்ற கூர்மையான கோடுகளுக்குப் பக்கத்தில் அது கோட்டையும் கலக்கிவிடும்; அங்கே, பக்கத்து இடத்தை அப்படியே பிரதிசெய்யும் குளோன் ஸ்டாம்ப்.

மே 11, ஞாயிறு

குறிச்சொற்கள். இந்த வேலையில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

ஆள், இடம், நிகழ்வு என்று மூன்று கிளை. இடத்தின் கீழே கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, பிரட்ரிக் கோட்டை, பத்திரகாளி அம்மன் கோயில், கன்னியா, உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா. ஒரே இடத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று தாளில் எழுதி லப்டொப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ‘கோணேசர்’ என்று தேடினால் ‘கோணேஸ்வரர்’ வராது. எல்லாம் யூனிகோடில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

முகம் அறியும் வசதி பாதி வேலையைக் குறைக்கும். ஆனால் தாயின் இளவயதுப் படத்தையும் மகளையும் ஒருவராகவே சேர்க்கும், குழந்தை வளர வளரப் புது ஆளாக்கும். உறுதிப்படுத்தும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்த வேண்டாம்.

இவ்வளவும் இட்ட பிறகும் குறிச்சொல் இருப்பது கற்றலொக்கில்தான். எல்லாப் படங்களையும் தெரிவுசெய்து ‘ஃபைல்’ மெனுவில் ‘சேவ் மெட்டாடேட்டா டு ஃபைல்ஸ்’ கொடுத்தால்தான் அது கோப்புக்குள்ளேயே எழுதப்படும். அதன் பிறகு டிஜிகாம், லைட்ரூம் என்று வேறு எந்தப் படமென்பொருளில் திறந்தாலும் பெயர் தெரியும். நட்சத்திர மதிப்பும் இப்படியே போகும். ஓர்கனைசரில் அல்பமாகத் தொகுத்ததும், ஒத்த படங்களை ஸ்டாக்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் போகா. ஆகவே முக்கியமான அல்பத்துக்கு அதே பெயரில் ஒரு குறிச்சொல்லும் இடுகிறோம்.

பிக்காசா என்ற படமென்பொருளை 2016இல் கூகுள் நிறுத்தியது. கோப்புக்குள் எழுதாமல் விட்ட பெயர்களைப் பலர் அப்போது இழந்தார்கள். எலிமென்ட்ஸும் 2025 பதிப்பு முதல் 3 ஆண்டு உரிமத்தோடுதான் வருகிறது. பெயரை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது.

மே 14, புதன்

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையிலிருந்து எடுத்த கடற்படங்கள். பாதிக்கு மேல் கடல் ஒரு பக்கம் வழிகிறது. ஸ்ட்ரெய்ட்டன் கருவியை எடுத்து அடிவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு இழுத்தால் நிமிர்ந்துவிடும். கரையோர வளைவை நம்பிக் கோடு போடக்கூடாது, கடலும் வானும் சந்திக்கும் கோடு மட்டும். நிமிர்த்தியதால் வரும் வெற்று மூலைகளைத் தானாக நிரப்பும் தெரிவு வானத்துக்கும் தண்ணீருக்கும் சரி. மூலையில் கோபுரம் இருந்தால், இல்லாத சிற்பம் ஒன்றை அதுவே செதுக்கி வைக்கும். அங்கே வெட்டிவிடுவதுதான் மரியாதை.

கச்சான் காற்று எழும்பும் மாதம். பகற்படங்களில் தூரம் வெளிறிக் கிடக்கும். ‘ஹேஸ் ரிமூவல்’ நேரடியாகப் படத்தின் மேல் வேலை செய்வதால் முதலில் லேயரைக் கொப்பி எடுத்து, அதில் செய்து, பிறகு ஒப்பாசிட்டியை (கீழடுக்கு தெரியாமல் மறைக்கும் அளவை) பாதியளவுக்கு இறக்குகிறோம். முழு வீச்சில் விட்டால் பாறை விளிம்பில் வெள்ளை வளையம் தோன்றும், வானத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி கிளம்பும். வளையம் விடாமல் நின்றால் லேயர் மாஸ்க் போட்டு விளிம்பை மட்டும் மெல்லிய கறுப்புப் பிரஷால் மறைக்கலாம்.

விடியற்காலையில் கோபுரத்துக்கு சற்றுரேஷன் (நிறச்செறிவு) ஏற்றவே கூடாது. அந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே உச்சியில். கொஞ்சம் ஏற்றினாலும் சிற்பங்கள் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். எடிட்டரோடு வரும் கமரா ரோ சாளரத்தில் திறந்து வைப்ரன்ஸ் மட்டும். அது மங்கிய நிறங்களைத்தான் அதிகம் தொடும்.

மே 17, சனி

நிலாவெளிக்கு அப்பாலுள்ள தீவான புறாமலைக்கருகே தண்ணீருக்குள் எடுத்தவை. எல்லாமே நீலப்பச்சை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. ஆழம் கூடக் கூட மென்பொருளுக்கு மீட்க எதுவும் மிஞ்சாது.

லெவல்ஸில் சிவப்புச் சனலைத் திறந்து பார்த்தாலே படத்தின் விதி தெரியும். வரைபடம் இடது பக்கம் ஒதுங்கி, ஆனாலும் அகன்று இருந்தால் மீட்கலாம். இடது சுவரில் ஒரே கம்பமாக நின்றால் அங்கே தகவலே இல்லை. மீட்கக்கூடியதற்கு, முதலில் கமரா ரோவின் வைட் பலன்ஸ் சொட்டுக்குழாய்க் கருவியால் (நிறமற்ற இடத்தைக் காட்டி நிறத்தைச் சரிசெய்வது) அடியில் கிடக்கும் செத்த முருகைக்கல் துண்டில் ஒரு சொடுக்கு. வெள்ளை மீனில் சொடுக்கினால் அது மின்னி வெளுத்த இடமாக இருக்கலாம், நிறம் தாறுமாறாகும். பிறகு லெவல்ஸில் சிவப்பின் வலது முக்கோணத்தை வரைபடம் முடியும் இடத்துக்கு இழுக்க வேண்டும். இழுத்ததோடு சிவப்பிலுள்ள இரைச்சலும் கூடவே பெருகும். ‘ரெடியூஸ் நொய்ஸ்’ கடைசியில்.

கம்பமாக நிற்கும் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்குகிறோம். மாற்றும்போது சிவப்பின் பங்கைக் குறைத்து, பச்சையைக் கூட்டினால் முருகைக்கல்லின் மடிப்புகள் அழகாக எழும்பும். இழுத்துப் பிடித்த ஊதாக் கலர்ப் படத்தைவிட இது எவ்வளவோ மேல்.

மே 20, செவ்வாய்

முகங்கள். ‘ஓட்டோ ஸ்மார்ட் ஃபிக்ஸ்’ கறுத்த முகத்தைக் கண்டால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு வெளுப்பாக்கும். எங்கள் ஊர் ஸ்டூடியோக்களும் பல காலம் அதைத்தான் செய்தன. நிழல் விழுந்த முகத்தை ‘ஷடோஸ் ஹைலைட்ஸ்’ கொண்டு சிறிது தூக்குவது சரி. தோலின் நிறம் அவரவருடையது, அதில் கைவைக்க வேண்டாம்.

மே 22, வியாழன்

அச்சும் காப்புப் பிரதியும்.

போன் படம் 4:3, 4×6 தாள் 3:2. 4000×3000 படத்தை அப்படியே கொடுத்தால் உயரத்தில் 333 பிக்சல் வெட்டுப்படும்; குழுப்படத்தில் அது பின்வரிசையின் தலைகள். கடைக்காரரின் இயந்திரம் தீர்மானிக்க முன், க்ரொப் கருவியில் 6×4 என்று கொடுத்து நாங்களே வெட்டுகிறோம். ஐபோன் படங்களை எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற முறைக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சில இயந்திரங்களில் நிறம் செத்து வரும். லேயரோடு கூடிய பிஎஸ்டி கோப்பு வீட்டில். கடைக்குப் போவது ஜேபெக் கொப்பி.

‘பக்கப் கற்றலொக்’ கொடுத்தால் வரும் போல்டரைத் திறந்து பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள்: படங்கள் எல்லாம் B0000001 என்று எண்ணிட்ட பெயரோடு இருக்கும். ‘ரீஸ்டோர் கற்றலொக்’ மூலம் திருப்பினால்தான் பழைய பெயரும் போல்டரும் வரும். அதனால் இதோடு சேர்த்து, படப் போல்டர் முழுவதையும் சாதாரணமாக இன்னொரு டிஸ்க்கில் கொப்பி எடுக்கிறோம்.

அந்த டிஸ்க் கரையோர வீட்டில் இருக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வீடுகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. வவுனியாவிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. மூடி இறுகும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். அனுப்பமுன் வேறொரு லப்டொப்பில் செருகி, நாலைந்து படங்களைத் திறந்து, குறிச்சொல் தெரிகிறதா என்று பார்த்தாயிற்று. ஆறு மாதத்துக்கொருமுறை அதை வரவழைத்துப் புதியவற்றைச் சேர்க்க வேண்டும்.