கிரீன் சர்க்கிள் மேம்பாலத்தில் திரும்பிய கார்

எம்.டெக் ப்ராஜெக்டில் தானியங்கி காரை வேலூர்ச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதாவது கார்லா என்ற, கணினிக்குள் கார் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டருக்குள். அதற்குச் சாலை வரைபடம் ஓப்பன்டிரைவ் என்ற கோப்பு வடிவத்தில் வேண்டும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி வரை வெட்டி எடுத்து, சூமோ என்ற போக்குவரத்து சிமுலேட்டரோடு வரும், வரைபடத்தை வடிவம் மாற்றித் தரும் நெட்கன்வெர்ட்டில் போட்டேன். கோப்பு உடனே வந்துவிட்டது.

ஓட்டினால் எல்லா வண்டியும் வலப்பக்கம் போகிறது. இடப்பக்கம் என்று சொல்லாவிட்டால் நெட்கன்வெர்ட் வலப்பக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளும். 'லெஃப்ட்ஹேண்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் தீர்ந்தது.

அடுத்தது நானே இழுத்து விட்டுக்கொண்டது. மேம்பாலம் உள்ள கிரீன் சர்க்கிள் சந்திப்பில் விடுபட்டிருந்த ஓர் இணைப்புச் சாலையை ஜோஸம் என்ற வரைபடத் திருத்தியில் கையால் வரைந்தேன். மேம்பாலமும் அதுவும் குறுக்கே வெட்டுவதாக எச்சரிக்கை வந்தது. தொல்லை ஒழியட்டும் என்று வெட்டுமிடத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் சேர்த்துவிட்டேன். எச்சரிக்கை போனது. ஆனால் பெங்களூரை நோக்கிப் போன கார் மேம்பாலத்தின் நடுவில் சட்டென்று திரும்பி காட்பாடிக்கு இறங்கியது! இரண்டு சாலைக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருந்தால் நெட்கன்வெர்ட்டுக்கு அது சந்திப்பு. இரண்டு நாள் ஸ்டீயரிங் நிரலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். புள்ளியை நீக்கி, பாலத்துக்கு லேயர் 1 (தரைக்கு மேலே ஓர் அடுக்கு) என்று குறித்து, லேயரை வைத்துத் தோராயமாக உயரம் தருகிற வசதியையும் போட்டபின் அடங்கியது.

உண்மையான வேலை லேனில் இருந்தது. நான் எடுத்த பகுதியில் பல சாலைகளுக்கு லேன் எண்ணிக்கையே குறிக்கப்படவில்லை. அப்போது நெட்கன்வெர்ட் சாலையின் வகையை வைத்து ஊகிக்கும், அகலமும் லேனுக்கு 3.2 மீட்டர் என்று போடும். இதை நம்ப முடியாமல், விடியற்காலை ஐந்தரைக்குத் தம்பியோடு காட்பாடி ரோட்டில் டேப் பிடித்தேன்.

டீக்கடைக்காரர் பதறி வந்தார். "என்ன தம்பி, ரோடு அகலப்படுத்தறாங்களா? கடை எவ்ளோ போகும்?"

"இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல காரு ஓட்ட அளவு எடுக்கறோம்."

நம்பவில்லை. டேப்பின் மறுமுனையை அவரே வாங்கிப் பிடித்து, கடைப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்.

காலையில் அளந்த அகலம் மாலையில் இல்லை. இடது ஓரம் முழுக்க ஷேர் ஆட்டோ. அதற்காக லேனைக் குறைக்கவில்லை. வரைபடத்தில் தார்ச்சாலை உள்ளபடி இருக்கட்டும், ஆட்டோக்களை நிற்கும் வண்டிகளாகத் தனியே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

இப்போதும் அந்தக் கடையைத் தாண்டினால், "ஆர்டர் வந்துடுச்சா தம்பி?" என்கிறார்.