தாவுல் சந்த் கிளிமெந்த்: ஓவியம் ஓரிடம், சுவர் ஓரிடம்

ஸ்பெயினின் கத்தலோனியாவில், பிரனீஸ் மலைக்குள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் தாவுல். அங்குள்ள சந்த் கிளிமெந்த் (புனித கிளமெந்து) கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் நேரே வாசலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். முதலில் கிழக்குப் பக்கம் சுற்றி வர வேண்டும். கட்டடத்தின் கணக்கு முழுக்க அங்கேதான் தெரியும்.

நடுவில் பெரிதாக ஒன்று, இருபுறமும் சிறிதாக இரண்டு என மூன்று அரைவட்டச் சுவர்கள் வெளியே புடைத்து நிற்கின்றன. உள்ளே இருக்கும் மூன்று கூடங்களும் இவற்றில்தான் முடிகின்றன. கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகக் குட்டி வளைவுகள். அவற்றுக்கு மேலே ரம்பப்பல் போலக் கோணலாக வைத்த கற்கள். வட இத்தாலியின் லொம்பார்திக் கொத்தர்கள் பரப்பிய முறை இது. வெளிச்சுவரில் அலங்காரம் என்று இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

தென்கிழக்கு மூலையில் சதுரமான மணிக்கோபுரம். அடித்தளத்துக்கு மேல் ஆறு அடுக்கு. முதல் அடுக்கில் ஒற்றைச் சன்னல். அதற்கு மேலே ஒல்லியான தூண் நடுவே நிற்கும் இரட்டைச் சன்னல்களும் மூன்று வளைவுச் சன்னல்களும். கனம் கீழேயும் திறப்பு மேலேயும் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. மேலே சுமை குறைகிறது, மணியோசையும் தடையின்றி வெளியேறுகிறது.

உள்ளே தலைப்பகுதிச் சிற்பம் ஏதுமில்லாத உருண்டைத் தூண்கள், அவற்றின் மேல் அரைவட்ட வளைவுகள், அதற்கும் மேல் மரக்கூரை. கல் வளைகூரை போட்டிருந்தால் அது சுவர்களைப் பக்கவாட்டில் தள்ளும். தாங்கச் சுவரைத் தடிமனாக்க வேண்டும், தூண்களும் பருத்துவிடும். மரம் நேர்கீழாகவே சுமையை இறக்குவதால் இங்கே தூண்கள் மெலிந்து, கூடம் ஒரே அறைபோல் விரிகிறது. பனி வழுக்கி விழ, கூரை சரிவாகக் கற்பலகை வேய்ந்தது.

ரோதா ஆயர் ரமோன் கில்லெம் 1123 டிசம்பர் 10 அன்று இதை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தினார். அந்தச் செய்தி ஒரு தூணிலேயே தீட்டப்பட்டிருந்தது. மறுநாள் இதே ஊரில் சாந்தா மரியா கோயிலையும் அவரே அர்ச்சித்தார். நடந்தே போய்விடலாம், அதையும் விடாதீர்கள்.

இனி ஓவியம். நடு அரைவட்டத்தில், பாதாம் வடிவ ஒளிவட்டத்துக்குள், 'உலகின் ஒளி நானே' என்று லத்தீனில் எழுதிய நூலை ஏந்தி அமர்ந்த கிறிஸ்து. கீழே மரியாளும் திருத்தூதர்களும். அருகே ஒரு வளைவில், விவிலிய உவமையில் வரும் ஏழை லாசர், அவன் புண்ணை நக்கும் நாயோடு. நீலம், பிரனீஸிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து வந்தது. மூல ஓவியம் இப்போது பார்சிலோனாவில், கத்தலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூர் என்ற ஊரின் கோயில் ஓவியம் விற்கப்பட்டு அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனது. மற்றவையும் போய்விடுமோ என்ற அச்சத்தில் 1919 முதல் 1923 வரை இப்பகுதி ஓவியங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

பெயர்த்த விதம்: ஓவியத்தின் முகத்தில் துணியை வஜ்ஜிரப் பசையால் ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கி, வண்ணப் படலத்தை மட்டும் பூச்சிலிருந்து உரித்துவிடும். துணியைச் சுருட்டி மலையிறக்கி, பின்புறம் வேறு துணி ஒட்டி, முகப்புத் துணியை வெந்நீரால் கழற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் பசை காயாது, படலம் கிழியும். ஈரப்பூச்சில் ஊறாமல், காய்ந்தபின் மேலே தீட்டிய நுண்கோடுகள் இதில் எளிதில் போய்விடும். ஆழ ஊறிய வண்ணமோ கொஞ்சம் சுவரிலேயே தங்கும். பின்னாளைய புதுப்பிப்பில் வெளிப்பட்ட அந்த மிச்சங்களை இன்று அங்கேயே காணலாம். நகல் ஓவியம் பல்லாண்டு மறைத்திருந்த சுவரில் 2013 முதல் ஒளிவீழ்த்திக் கருவி (புரொஜெக்டர்) முழுக் காட்சியையும் அடுக்கடுக்காக வரைந்து காட்டுகிறது. நகலைவிட இது நேர்மையான ஏற்பாடு.

பார்சிலோனாவில் மூலத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. சுவரில் எது எங்கே இருந்தது என்று அப்போதுதான் பிடிபடும். லேய்தாவிலிருந்து என்-230 சாலையில் வடக்கே போய், எல் போன் த சுவெர்த் தாண்டிப் பள்ளத்தாக்குச் சாலையில் திரும்ப வேண்டும். குளிர்காலத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி தேவைப்படலாம். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒன்பது கோயில்களும் இந்தப் போயி பள்ளத்தாக்கில்தான். எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. எரில் லா வால் என்ற ஊரில் உள்ள ரோமனெஸ்க் (இக்கோயில்களின் கட்டடப் பாணி) மையத்தில் நேரத்தை விசாரித்துவிட்டு வரிசையைத் தீர்மானியுங்கள்.